ஆட்டக்காரரும் புகழ்ப் பட்டியலும்

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதில் மனிதருக்கு இயல்பாகவே ஒரு நாட்டம் உண்டு. உயர்ந்த கோபுரம் எது, பெரிய தேர் எது, ஆழமான கிணறு எது என்று கேட்டுக் கேட்டு மகிழ்கிறோம். விளையாட்டு என்று வந்துவிட்டாலோ இந்த நாட்டத்துக்கு எல்லையே இல்லை. முதலாமவர் யார், இரண்டாமவர் யார் என்று ஊர்த் திண்ணையில் நடந்த வழக்கு, இன்று இணையத்தின் வாயிலாக இலட்சக்கணக்கானோர் வாக்களிக்கும் போட்டியாகவே வளர்ந்துவிட்டது. ஆயினும், சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்பது ஒன்று. மக்கள் விரும்பும் ஆட்டக்காரர் யார் என்று கேட்பது வேறொன்று. இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் ஒரே கேள்வியாகவே கொண்டுவிடுகிறோம். இவை எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை நம் நாட்டுக் கால்பந்தாட்டக்காரர் ஒருவரை முன்னிறுத்தி இன்று ஆராய்வோம். அவர் இந்திய அணியின் தலைவராக நெடுங்காலம் விளங்கிய திரு. சுனில் சேத்ரி.

முதலில் ஒரு பொது உண்மையை நினைவிற் கொள்ளவேண்டும். கால்பந்தாட்டத்தில் புகழ் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. களத்தில் இருபத்திரண்டு பேர் தொண்ணூறு நிமிடம் ஓடுகின்றனர். ஆனால் விழும் கோல்களோ இரண்டு, மூன்று. சில நாள்களில் ஒன்றுகூட இல்லை. அரிதாகக் கிடைக்கும் பொருளுக்கு மதிப்பு மிகுதி அல்லவா? ஆகவே, கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரரையே கண்கள் தேடுகின்றன. அவர் பெயரையே நாக்கு சொல்லிப் பழகுகிறது. ஐரோப்பாவில் 1956-ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்பட்டுவரும் தங்கப் பந்து விருதை ஆடவருள் பெற்ற ஒரே கோல் காப்பாளர் சோவியத் நாட்டின் லெவ் யாஷின். அவர் அதைப் பெற்றது 1963-இல். பின்வரிசையில் நின்று காப்பவருள் அதனை இறுதியாகப் பெற்றவர் 2006-இல் இத்தாலியின் பாபியோ கன்னவாரோ. மற்றபடி அவ்விருது பெரும்பாலும் கோல் போடுவோருக்கும் கோலுக்கு வழி வகுப்போருக்குமே சென்றிருக்கிறது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டத்தில் ஈரானுக்கு எதிராக இந்தியா போட்டது ஒரே கோல். தங்கப் பதக்கத்தைத் தந்த அந்தக் கோலினால் மேவாலாலின் பெயர் நிலைத்தது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்ற கணக்கில் வென்றபோது நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். நாடு நான்காம் இடம் பெற்றது. டிசூசாவின் பெயரைப் பலர் அறிவர். அன்று நம் கோலின் முன் நின்று பந்தை விலக்கியவர்களின் பெயரை எத்தனை பேர் சொல்லக்கூடும்? குறை அவர்கள்பால் இல்லை. காண்போரின் நினைவு அவ்வாறு அமைந்திருக்கிறது.

இனிச் சேத்ரிக்கு வருவோம். அவர் 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் செகந்திராபாதில் பிறந்தவர். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். தாயார் நேபாளப் பெண்கள் அணியில் பந்தாடியவர். 2002-இல், பள்ளிப் பருவம் தாண்டும் வேளையில், கல்கத்தாவின் மோகன் பகான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாகிஸ்தானின் குவெட்டா நகரில் இந்திய அணிக்காக முதன்முறை களமிறங்கினார்; அன்றே ஒரு கோலும் போட்டார். 2008-இல் டில்லி அம்பேத்கார் மைதானத்தில் நடந்த ஆசிய சாலஞ்சு கோப்பை இறுதி ஆட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, இந்தியா 4-1 என்று வெல்லக் காரணமானார். அந்த வெற்றியினால்தான் 1984-க்குப் பிறகு முதன்முறையாக நம் அணி 2011-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இடம்பெற்றது. அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் சிறிது காலம் இருந்துவிட்டுத் தாயகம் திரும்பிய அவர், 2013 முதல் பெங்களூர்க் கழகத்தின் முகமாகவே விளங்கினார்.

உயரத்தில் அவர் பெரியவர் அல்லர். ஆயினும் தலையால் முட்டிப் போட்ட கோல்கள் பல. பந்து எங்கே வந்து விழும் என்று ஒரு நொடி முன்னதாகவே கணித்து அங்கே போய் நிற்பதுதான் அவருடைய கலை. இத்தகைய கலை ஆரவாரமில்லாதது. பந்து வலைக்குள் சென்ற பிறகே, இவர் எப்பொழுது அங்கே வந்தார் என்று காண்போர் வியப்பர்.

ஆண்டுகள் செல்லச் செல்லக் கோல்களின் எண்ணிக்கை உயர்ந்தது. 2021 அக்டோபரில் மாலத்தீவில் நடந்த தெற்காசியப் போட்டியில் பெலேயின் 77 கோல்களை அவர் கடந்தார். 2023 ஜூனில் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக மூன்று கோல் போட்டபோது அவருடைய கணக்கு 90 ஆயிற்று. 2024 ஜூனில் அவர் விடைபெற்ற வேளையில் கணக்கு 94. தம் நாட்டுக்காக அதுவரை கோல் போட்ட உலக ஆடவர் அனைவரையும் வரிசைப்படுத்தினால், ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி ஆகிய மூவருக்கும் அடுத்தபடியாக நின்றவர் நம் சேத்ரி.

இந்த இடத்தில் நாம் நேர்மையாக இருத்தல் வேண்டும். இப்பட்டியலைக் காட்டி, சேத்ரி பெலேயைவிட மேலானவர் என்று சொன்னால் அதனை முதலில் மறுப்பவர் சேத்ரியாகவே இருப்பார். பெலே மூன்று உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் ஆடியவர். சேத்ரிக்கு உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றுகளில் ஆடும் வாய்ப்பே கிட்டவில்லை. தஜிகிஸ்தான், வியட்நாம், சீன தைப்பே, பாகிஸ்தான் ஆகிய அணிகளுக்கு எதிராகவே அவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். பிரேசிலுக்கோ ஜெர்மனிக்கோ எதிராக அன்று. ஆகவே, கோல்களின் எண்ணிக்கையும் முழுமையான அளவுகோல் ஆகாது. ஆனால் அந்த எண்ணில் ஐயத்துக்கு இடமில்லாத ஓர் உண்மை உண்டு. சுமார் இருபது ஆண்டுகள் தளராது உழைத்தால்தான் அந்த இடத்துக்கு ஒருவர் வர முடியும்.

இத்தகைய ஒருவர் தம் சொந்த நாட்டில் எத்துணைப் புகழுடன் இருந்தார்? 2018-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், பம்பாய் அந்தேரி மைதானத்தில் இந்தியா சீன தைப்பே அணியை எதிர்த்து ஆடியது. இந்தியா 5-0 என்று வென்றது. சேத்ரி மூன்று கோல் போட்டார். அப்பொழுது ஆடிக்கொண்டிருந்தவர்களுள் நாட்டுக்காக அதிகக் கோல் போட்டவர் என்ற வரிசையில் அவருக்கு மூன்றாம் இடம். முன்னே இருந்தவர்கள் ரொனால்டோவும் மெஸ்ஸியுமே. இதனைக் காண வந்தவர்கள் எத்தனை பேர்? 2,569 பேர். கோடிக்கணக்கான மக்கள் வாழும் நகரத்தில் இந்நாட்டுக் கால்பந்துத் தலைவருக்குக் கிடைத்த கூட்டம் அவ்வளவே.

மறுநாள் அவர் கைபேசியில் தம்மைத் தாமே படம்பிடித்து, மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். அதில் கோபம் இல்லை, தற்புகழ்ச்சியும் இல்லை. ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர்களை அவர் நேராக விளித்தார். எங்கள் ஆட்டம் அத்தரத்துக்கு அருகிலும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். எனினும் மைதானத்துக்கு வாருங்கள், பிடிக்காவிட்டால் எங்களைத் திட்டுங்கள், முகத்துக்கு நேரே குறை கூறுங்கள், ஆனால் வாருங்கள் என்று கைகூப்பிக் கேட்டார். கிரிக்கெட்டு வீரர்களான விராட் கோஹ்லி, சச்சின் டெண்டுல்கர் முதலியோரும் அவ்வேண்டுகோளை வழிமொழிந்தனர்.

இரண்டு நாள் சென்றது. ஜூன் 4-ஆம் நாள் கென்யாவுடன் ஆட்டம். சேத்ரிக்கு அது நூறாவது ஆட்டம். பைச்சுங் பூட்டியாவுக்குப் பின் அவ்வெண்ணிக்கையைத் தொட்ட இரண்டாம் இந்தியர் அவர். நுழைவுச்சீட்டுகள் யாவும் விற்றுத் தீர்ந்தன. மழை கொட்டியது, வந்தவர் எவரும் கலையவில்லை. இந்தியா 3-0 என்று வென்றது. சேத்ரி இரண்டு கோல் போட்டார். ஆட்டம் முடிந்ததும் அவர் களத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கத்தாருக்கும் நன்றி சொன்னார். அப்போட்டித் தொடரின் நான்கு ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் எட்டு. இறுதி ஆட்டத்தில் மீண்டும் கென்யாவை வென்ற நாளில் அவருடைய கணக்கு 64 ஆகி, அன்றைய மெஸ்ஸியின் கணக்கோடு சமன்பட்டது.

நேயர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். ஜூன் முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சேத்ரியின் ஆட்டம் உயர்ந்துவிடவில்லை; முதல் நாள் அவர் போட்ட கோல் மூன்று, நான்காம் நாள் இரண்டு. மாறியது அவர் அல்லர், நாம். காலியாகக் கிடந்த அந்த இருக்கைகளில் ஒன்று நமக்குரியதாகவும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அன்று பலருக்கும் தோன்றியது. வெளிநாட்டு ஆட்டக்காரரின் படத்தை வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு, உள்நாட்டு ஆட்டத்தின் முடிவை மறுநாள் செய்தித்தாளின் ஓரத்தில் படித்துக்கொண்டவர்கள்தாமே நாமும்!

வெளிநாட்டாரைப் போற்றுவது பிழை என்று நாம் கூறவில்லை. கலைக்கு எல்லை ஏது? 2022-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின்போது கேரளத்தில் கோழிக்கோட்டுக்கு அருகேயுள்ள புல்லாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸியின் உருவத்தை நிறுத்தினர் ஒரு சாரார். நெய்மரின் உருவத்தை அதைவிட உயரமாக நிறுத்தினர் மற்றொரு சாரார். பிறகு ரொனால்டோவும் எழுந்தார். கால்பந்தின்மீது இந்நாட்டில் அன்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அந்த அன்பு எந்தப் பக்கமாகப் பாய்கிறது என்பதே கேள்வி.

இனி வாக்கெடுப்புக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் உங்கள் அன்புக்குரிய ஆட்டக்காரர் யார் என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2020-இல் இணையத்தின் வாயிலாக மக்களைக் கேட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் குவிந்தன. இறுதியில் எதிரெதிரே நின்றவர்கள் சேத்ரியும், உஸ்பெகிஸ்தானின் எல்தோர் ஷோமுரோதோவும். நூற்றுக்கு 51 பங்கு வாக்கு சேத்ரிக்கு, 49 பங்கு மற்றவருக்கு. ஆசியாவின் அன்புக்குரியவர் சேத்ரி என்று முடிவாயிற்று.

நமக்கு மகிழ்ச்சி தரும் செய்திதான் இது. ஆயினும் அந்தக் கோப்பையில் நடந்ததென்ன? சேத்ரி தாய்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். இந்தியா 4-1 என்று வென்றது. அதன்பின் இரண்டு ஆட்டங்களில் தோற்று, முதல் சுற்றோடு நம் அணி திரும்பியது. ஷோமுரோதோவ் போட்டது நான்கு கோல். கோப்பையை வென்ற கத்தார் அணியின் அல்மோயஸ் அலி போட்டது ஒன்பது கோல். ஒரே ஆசியக் கோப்பையில் அவ்வளவு கோல் போட்டவர் அதற்கு முன் எவரும் இல்லை. ஆட்டத்தை அளவாகக் கொண்டால் முதலிடம் அலிக்கே உரியது. வாக்கை அளவாகக் கொண்டபோது வரிசை மாறிற்று. காரணம் வெளிப்படை. பெருந்தொகையான மக்களைக் கொண்ட நாடு வாக்களித்தது. சிறிய நாடும் வாக்களித்தது. வாக்குப் பெட்டிக்கு ஆட்களின் எண்ணிக்கை தெரியும். ஆட்டத்தின் நயம் தெரியாது.

இதற்கு முன்னரும் இத்தகைய சிக்கல் எழுந்ததுண்டு. 2000-ஆம் ஆண்டில், நூற்றாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று உலகக் கால்பந்துச் சம்மேளனம் இணையத்தில் வாக்குக் கேட்டது. மாரடோனாவுக்கு நூற்றுக்கு 53-க்கு மேற்பட்ட வாக்குகள். பெலேக்கு 19-க்கும் குறைவு. அன்று இணையத்தைக் கையாண்டவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். 1986-இல் மாரடோனா ஆடியது அவர்கள் கண்ணில் நின்றது. 1970-இல் பெலே ஆடியது அவர்கள் தந்தையர் சொல்லக் கேட்ட கதை. எனவே சம்மேளனம் ஆட்டத்தின் வரலாறு அறிந்தோரின் கருத்தையும் தனியே பெற்றது. அவர்கள் பெலேயைத் தேர்ந்தனர். முடிவில் உரோம் நகர விழாவில் இருவருக்கும் பரிசு வழங்க நேர்ந்தது. ஒரே கேள்விக்கு இரண்டு விடை வந்ததற்குக் காரணம், கேட்கப்பட்டவர்கள் இருவேறு கூட்டத்தார் என்பதே.

ஆகவே, புகழ்ப் பட்டியல் பொய் என்று நாம் ஒதுக்கவேண்டியதில்லை. அது எதை அளக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடலாகாது. வெப்பமானி நோயாளியின் காய்ச்சலை அளக்கிறது. அதைக்கொண்டு மருத்துவரின் திறமையை அளக்கப் புகுந்தால் பிழை நம்முடையது. அதுபோலப் புகழ்ப் பட்டியல் காண்போரின் எண்ணிக்கையையும் ஆர்வத்தையும் அளக்கிறது. ஆட்டக்காரரைப் பற்றி அது சொல்வது சிறிது. நம்மைப் பற்றிச் சொல்வதே மிகுதி.

புகழிலும் இருவகை உண்டு. விரலால் ஒரு முறை தொட்டு அளிக்கும் வாக்கு ஒருவகை. மாலைப் பொழுதைச் செலவிட்டு, பேருந்து ஏறி, மழையில் நனைந்து, தோற்றாலும் வென்றாலும் இறுதிவரை அமர்ந்திருப்பது மற்றொரு வகை. முன்னதால் ஆட்டக்காரருக்கு ஒரு பட்டம் கிடைக்கும். பின்னதால் கழகங்களுக்கு வருவாய் கிடைக்கும். சிறு கழகங்கள் பிழைக்கும். தந்தையின் தோளில் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் சிறுவன் அடுத்த நாள் பந்தைத் தேடுவான்.

2024-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துக்கு எதிராகச் சேத்ரி தம் 151-ஆவது ஆட்டத்தை ஆடி விடைபெற்றார். அன்று கூடியவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆட்டம் கோலின்றி முடிந்தது. வெற்றி தேவைப்பட்ட நாளில் வெற்றி கிட்டவில்லை. அவரும் கோல் போடவில்லை. ஆயினும் மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர், அவர் கண்கலங்கினார். 2,569 பேரிலிருந்து ஐம்பதாயிரம் வரை ஆறாண்டுகளில் வந்த அந்தப் பயணம் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

ஆனால் கதை அங்கு இனிதே முடிந்துவிடவில்லை. 2024-ஆம் ஆண்டு முழுவதும் இந்திய அணிக்கு ஒரு வெற்றிகூட வாய்க்கவில்லை. கோல் போட ஆளில்லாமல், நாற்பது வயதான சேத்ரியையே 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தனர். ஷில்லாங்கில் மாலத்தீவு அணியை இந்தியா 3-0 என்று வென்றது. 2023 நவம்பருக்குப் பின் கிடைத்த முதல் வெற்றி அது. அன்று தலையால் முட்டித் தம் 95-ஆவது கோலைப் போட்டார் அவர். கைதட்டினோம். எனினும் கைதட்டும்போதே நெஞ்சில் ஒரு கவலை எழாமல் இல்லை. 2023 ஜூலையில் உலக வரிசையில் 99-ஆம் இடத்தில் இருந்த நம் அணி, 2025 ஜூலையில் 133-ஆம் இடத்துக்கு இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பையும் இழந்தது.

ஒரு மனிதர் உலக வரிசையில் நான்காம் இடத்துக்கு ஏறியிருக்க, அவர் ஆடிய அணி நூறுக்கும் கீழே நிற்கிறது. இவ்விரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை விளங்கும். ஒரு மரம் ஓங்கி வளர்ந்ததைக் கண்டு வியந்துகொண்டிருந்தோம். அதன் நிழலில் கன்றுகள் எழுந்தனவா என்று குனிந்து பார்க்கவில்லை. அடுத்த சேத்ரி எங்கோ ஒரு மாவட்டப் போட்டியில், சுண்ணாம்புக் கோடுகூடச் சரியாக இடப்படாத ஒரு திடலில், இருபது முப்பது பேர் பார்க்க ஆடிக்கொண்டிருக்கக்கூடும். அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இன்னும் ஏறவில்லை.

சேத்ரி அன்று நம்மிடம் கேட்டது வாக்கு அன்று; வருகையே. அவருக்கு எத்தனையாம் இடம் என்ற வழக்கை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் ஊரில் அடுத்து ஓர் ஆட்டம் நடக்கும் மாலையில் நாம் எங்கே இருப்போம் என்பதை மட்டும் நாமே முடிவு செய்யவேண்டியிருக்கிறது.